நைனா புத்தகத்தில் மூன்றாம் பக்கம்

1

இதை நீங்கள் காகிதத்தில் படிக்கிறீர்களா, போனில் படிக்கிறீர்களா என்று தெரியவில்லை. நான் எழுதுவது டேப்லெட்டில். எழுத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி வைத்திருக்கிறேன். திரைக்கு நாலு வரிதான் பிடிக்கிறது. மேலே என்ன எழுதினேன் என்பது கீழே வருவதற்குள் மறந்துவிடுகிறது. சொன்னதையே திரும்பச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோலார் தங்கவயல்காரி. மைசூர் மைன்ஸில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பிறந்தவள். இப்போது இருப்பது ஆஸ்திரேலியாவின் மேற்குப் பக்கம், கால்கூர்லி. இதுவும் தங்கம் எடுக்கிற ஊர்தான். ஒரு தங்கவயல் மூடிப்போனதென்று இன்னொன்றுக்கு வந்து சேர்ந்தோம். கணவர் ரவி சுரங்க லாரிகளைப் பழுது பார்க்கிறார். நான் தொழிலாளர்கள் தங்கும் விடுதியில் துணி வெளுக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். மகள் மாயா கல்லூரிக்குப் போகிறாள்.

இங்கே சுரங்கத்தில் வெடி வைத்தால் எங்கள் சமையலறை ஜன்னல் லேசாக நடுங்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் தலையைக்கூடத் தூக்கமாட்டார்கள். நான் மட்டும் கையில் இருப்பதை வைத்துவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எங்கள் ஊரில் பூமி ஆடினால் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் குழியின் வாய்க்கு ஓடுவார்கள். எந்த லெவல், யார் ஷிஃப்ட் என்று கேட்டுக்கொண்டே ஓடுவார்கள். அப்படிப் பழகிய உடம்பு. பயப்படுவதற்கு எனக்குப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

ஆனால் இப்போது காரணம் இருக்கிறது.

விடுதிப் படுக்கை விரிப்புகளின் ஓரத்தில் நீலக் கோடு ஒன்று ஓடும். மடிக்கும்போது கோட்டோடு கோடு சேர்க்க வேண்டும். ஒரு நாள் அந்தக் கோடு நடுவில் வளைந்திருந்தது. துணி சுருங்கிவிட்டது என்று தனியே எடுத்து வைத்தேன். அடுத்ததும் வளைந்திருந்தது. என்னோடு வேலை செய்கிற பிலிப்பைன்ஸ் பெண் இரண்டையும் தூக்கிப் பார்த்துவிட்டு, நேராகத்தானே இருக்கிறது என்றாள். அன்று வீட்டுக்கு வந்து சுவர், ஜன்னல் கம்பி, குளியலறை ஓடு என்று எல்லாக் கோட்டையும் பார்த்தேன். நான் எதைப் பார்க்கிறேனோ அது வளைந்தது. பார்க்காதது நேராக இருந்தது.

2

எனக்குப் புத்தகம் எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் மீதி புரியும்.

எங்கள் நைனா, அதாவது அப்பா, சுரங்கத்தில் கீழே இறங்கி வேலை செய்தவர். மூன்றாவது வரைதான் படித்தவர். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு புத்தகம். புத்தர் வாழ்க்கையைச் சொல்கிற பழைய புத்தகம். அட்டை எப்போதோ கிழிந்து, பழுப்புக் காகிதத்தில் நைனாவே ஊசி நூல் போட்டுத் தைத்த அட்டை. பௌர்ணமி அன்று எல்லோரும் வெள்ளை உடுத்தி, மெழுகுவத்தி ஏற்றி, பஞ்சசீலம் சொல்லி முடித்ததும் வட்டமாக உட்கார்ந்து அதைப் படிப்போம். ஆளுக்கு ஒரு பக்கம். பக்கம் முடிந்த இடத்தில் வாயை மூடிவிட வேண்டும். வாக்கியம் பாதியில் தொங்கினாலும் சரி. அடுத்தவர் கையில் புத்தகம் போகும், அவர் அந்தப் பாதியிலிருந்து தொடங்குவார். அது நைனா வைத்த சட்டம். "முழுசா ஒருத்தனே சொல்லிட்டா மத்தவன் தூங்கிப் பூடுவான்" என்பார்.

அம்மா படுக்கையில் விழுந்தபோது நான் ஏழாவதோடு நின்றுவிட்டேன். அண்ணன் சித்து தொடர்ந்து படித்தான். எனக்கு அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் என்றால் அந்தப் புத்தகம்தான். எந்தப் பக்கத்தில் மெழுகு சொட்டியிருக்கிறது, எந்தப் பக்கத்தின் மூலை போயிருக்கிறது என்று கைக்குத் தெரியும். படித்தவர்கள் வாக்கியத்தை ஞாபகம் வைத்திருப்பார்கள். எனக்கு அது பக்கத்தில் எந்த இடத்தில் இருந்தது என்பதுதான் ஞாபகம் இருக்கும். இடது பக்கம், மேலிருந்து கொஞ்சம் கீழே, கறைக்குப் பக்கத்தில். அச்சுப் புத்தகம் எனக்கு வீடு மாதிரி. இருட்டிலும் எது எங்கே இருக்கிறது என்று தெரியும்.

கடைசிக் காலத்தில் நைனா ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பார். போன முறை விட்ட இடத்திலிருந்து போகலாம் என்றால் கேட்கமாட்டார். உட்காருவதும் மூன்றாவதாகத்தான். மழைக்கு ஒதுங்க ஒரு குயவர் வீட்டு வாசலுக்கு வந்த பிச்சு, அதாவது புத்தத் துறவி, ஒருவரைப் பற்றியது அந்த மூன்றாம் பக்கம். அதைக் கம்பீரமாக, ஒரு இடத்திலும் தடுக்காமல் படிப்பார். படிப்பது ஐந்து பேர்தான் என்பதால் புத்தகம் அஞ்சாம் பக்கத்தைத் தாண்டவே இல்லை. "நைனா, அந்தப் பிச்சு உள்ளாற போனாரா, இல்ல இன்னும் மழையிலயே நனைஞ்சிக்கினு கீறாரா?" என்று சித்து கிண்டல் செய்வான். நைனா சிரிப்பார். அவருக்கு அந்தப் பக்கம் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

அவர் போன பிறகு வருஷா வருஷம் நினைவு நாளில் அதே போல் உட்காருகிறார்கள். மூன்றாவது இடம் எனக்கு வந்தது. நான் ஊரில் இல்லாத வருஷங்களில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, மூன்றாம் பக்கத்தைச் சித்து சேர்த்துப் படித்துவிடுவான். இந்த வருஷம் நாங்கள் போவதாகப் பல மாதம் முன்பே டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அதன் பிறகுதான் கோடு வளைந்தது.

3

இங்கே கண் டாக்டரைப் பார்ப்பது சுலபமில்லை. முதலில் ஒருவர், அவர் எழுதிக் கொடுத்து இன்னொருவர், அவர் பெர்த்திலிருந்து வருகிற நாளுக்குக் காத்திருப்பு. மாயாவைத் துணைக்குக் கூட்டிப் போயிருக்கலாம். வெட்கப்பட்டுக்கொண்டு தனியாகப் போனேன். என் கண்ணில் வெளிச்சம் குறைந்துவிட்டது என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த மனிதர் எழுந்து போய் அறை விளக்கைக் கூட்டினார். நானும் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

சொட்டு மருந்து விட்டு, படம் எடுத்து, கடைசியில் அவர் மெதுவாகச் சொன்னார். இரண்டு கண்ணிலும் நடுப் பார்வை தேய்கிறது. முழு இருட்டு ஆகாது. ஓரம் இருக்கும், நடு போகும். மருந்து இல்லை. கார் ஓட்டக் கூடாது. உரிம அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அச்சுப் புத்தகம் இனிக் கஷ்டம். திரையில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். இது குடும்பத்தில் வருகிற ஒன்று. உங்கள் அப்பா, அம்மா யாருக்காவது இருந்ததா?

இல்லை என்றேன். எங்கள் நைனா கடைசி வரை புத்தகம் படித்தவர் என்று பெருமையாகவே சொன்னேன். அவரும் 'இல்லை' என்ற இடத்தில் குறித்துக்கொண்டார்.

வீட்டில் சொன்னதும் ரவி ரொம்ப நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாயா தன் டேப்லெட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"இதுல படி மா. ரெண்டு விரலால இழுத்தா பெருசாவும்."

"எனக்குப் புத்தகம் போதும்."

"புக்கு எனக்கே கண்ணு வலிக்குது. சின்ன சின்ன எழுத்து. யாரு மா இன்னும் புக்கு படிக்கிறாங்க?"

இதுதான் எனக்கும் அவளுக்கும் பல வருஷச் சண்டை. பாடம்கூடத் திரையில்தான் படிப்பாள். போனில் எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு, ஒரு வரிக்கு ரெண்டு வார்த்தையாகத் தள்ளிக்கொண்டே போவாள். காகிதம் என்றால் தூரப் போய்விடுவாள். தமிழை நான்தான் அவளுக்குப் பழுப்பு அட்டை நோட்டில் எழுதிச் சொல்லிக் கொடுத்தேன். அதையும் எழுத்தெழுத்தாகத்தான் படிப்பாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படித்தான், நம்மை விட்டும் நம் பாஷையை விட்டும் இவள் போய்க்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நடுக்கம் இருந்துகொண்டே இருக்கும்.

டேப்லெட்டைப் பழகினேன். வேறு வழி? ஆனால் அதில் ஒரு பயம் உண்டு, அது உங்களுக்குப் புரியுமா என்று தெரியவில்லை. படித்துக்கொண்டே இருக்கும்போது திரை தானாக அணைந்துவிடும். அந்த நொடியில், அணைந்தது திரையா என் கண்ணா என்று தெரியாது. ஜன்னல் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்த பிறகுதான் மூச்சு விடுவேன். புத்தகம் என்றால் கையால் தடவினாலே அது இருக்கிறது என்று தெரியும். இது கண்ணாடி. தடவினால் பக்கம் ஓடிவிடும்.

4

ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. சித்து பெங்களூருக்கு விடியற்கால ரயிலில் போய்வருகிற மனிதன். தங்கச்சிக்குக் கண் போகிறது என்று தெரிந்தால் அந்த ரயிலிலேயே உட்கார்ந்து அழுவான். அதுவும் போக, வெளிநாட்டில் இருந்து வருகிறவளைப் பார்க்க லைனே வரும். 'ஐயோ பாவம்' என்று ஒருத்தர் வாயிலிருந்து வந்தாலும் எனக்குத் தாங்காது.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். நைனா புத்தகத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, மூன்றாம் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு என்று சித்துவிடம் கேட்டேன்.

"இன்னாத்துக்கு அது? ஒரு வாரத்துல நீயே வரப்போற."

"ஆசையா கீதுண்ணா. அனுப்பேன்."

அனுப்பினான். டேப்லெட்டில் அதை இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, ஓரக் கண்ணால் ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்து, துணி மடிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தேன். விமானத்தில் ரவி தூங்கினார். நான் பிச்சுவோடு மழையில் நின்றுகொண்டிருந்தேன். என் முறை வரும்போது புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, குனிந்து, ஒப்பித்துவிட்டால் போதும். யாருக்கும் தெரியாது.

5

தங்கவயல் கடைத்தெருவான ராபர்ட்சன்பேட்டையில் பூவும் மெழுகுவத்தியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். லைன் வீடு அப்படியே இருந்தது. கூரை மட்டும் மாறியிருந்தது. நைனாவின் தங்கை பொன்னம்மா அத்தை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் நைனா படித்த எல்லா பௌர்ணமிக்கும் வந்து கேட்டவள். கிட்டே போனபோது முகத்தின் நடுவில் ஒரு மங்கல். சுற்றிலும் நரைத்த முடியும் காதுத் தோடும் மட்டும் எனக்குத் தெரிந்தன.

"இன்னாடி யசோ, என்னப் பாக்காம என் காதப் பாக்கற? தோடு வேணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வேர்த்தது.

பஞ்சசீலம் சொல்லி முடித்தோம். நைனா படத்துக்கு முன் மெழுகுவத்தி எரிந்தது. சித்து, அண்ணி, நான் என்று வரிசையாக உட்கார்ந்தோம். மாயா எனக்குப் பிறகு. எல்லாம் கணக்காக இருந்தது. அப்போது சித்து எழுந்தான்.

"இந்த வாட்டி மாயா ஆரம்பிக்கட்டும். எங்கிருந்தோ வந்துகீது குழந்த. வாம்மா, மொத எடத்துல உக்காரு."

மாயா முதல் பக்கம் என்றால் சித்து இரண்டு, அண்ணி மூன்று. எனக்கு நாலு.

"வேணாண்ணா, அவளுக்கு வேகமா வராது. எப்பவும் மாதிரி நீயே ஆரம்பி."

"மெதுவா படிக்கட்டுமே. ரயிலா புடிக்கப் போறோம்?"

"அப்ப நான் மூணாவதா உக்காந்துக்கறேன். அண்ணி இந்தப் பக்கம் வரட்டும்."

"இன்னாடி இது, ரேஷன் கடை க்யூவா? குந்துடி சும்மா," என்றான் சித்து.

குந்தினேன். மாயா முதல் பக்கத்தை எழுத்தெழுத்தாகப் படித்தாள். சித்து படித்தான். அண்ணி என் பக்கத்தைப் படித்தாள். குயவர் வீட்டு வாசலும் மழையும் ஒவ்வொரு வார்த்தையாக என் கையை விட்டுப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு புத்தகம் என் மடிக்கு வந்தது. அதன் கனம், தையல், மூலை எல்லாம் விரலுக்குத் தெரிந்தது. விரித்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு குழி. அதைச் சுற்றி எழுத்துகள் எறும்பு போல் ஓடின. குழியை நகர்த்திப் பார்த்தேன். நான் எங்கே பார்த்தேனோ அங்கே அதுவும் வந்தது.

எல்லோரும் காத்திருந்தார்கள். என் வாய் திறந்தது. வந்தது மூன்றாம் பக்கம்தான். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். மழை, வாசல், குயவர். நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் என்ன ஆகும் என்ற பயத்தில் இன்னும் வேகமாகச் சொன்னேன்.

"யசோ, அது இப்பதானே அண்ணி படிச்சா?" என்றான் சித்து. "பக்கத்தத் திருப்பல போல."

அண்ணி எட்டிப் பார்த்தாள். "நாலாவதுதான் தெறந்து கீது."

அத்தைதான் பேசினாள்.

"உடுங்க. அவ படிக்கட்டும். இவ நைனாவும் இதத்தான திருப்பித் திருப்பிப் படிச்சிக்கினு இருந்தான்."

"அவருக்கு அந்தப் பக்கம் புடிக்கும் அத்த," என்றான் சித்து.

"புடிக்கும்னு நீதான் சொல்லிக்கினு கீற. அவனுக்கு அது ஒண்ணுதான் வாயில இருந்துது. கண்ணு எங்க இருந்துது அவனுக்கு? 'நடுவுல ஷாஃப்ட் வாயாட்டம் இருட்டா ஒரு குழி கீது பொன்னு, சுத்தி மட்டும்தான் தெரியுது'ன்னு எங்கிட்ட சொன்னான். யாருகிட்டயும் சொல்லாதன்னான். தெரிஞ்சா கேஜ்ல ஏத்திக் கீழ எறக்கமாட்டாங்க, வேல பூடும்னு பயம். 'கீழ இருட்டுல எவனுக்கு கண்ணு தெரியுது, நான் சமாளிச்சிக்குவேன்'னான். மைன்ஸ் மூடற வரைக்கும் சமாளிச்சான்."

மெழுகுவத்தி ஆடியது. புத்தகம் ஏன் அஞ்சாம் பக்கத்தைத் தாண்டவில்லை, அவர் ஏன் மூன்றாவதாகவே உட்கார்ந்தார் என்று சித்துவுக்கும் அப்போது புரிந்திருக்க வேண்டும். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தது எனக்குத் தெரியவில்லை. குரலில்தான் தெரிந்தது.

"யசோ. உனக்கும் அதானாடி?"

நான் தலையை ஆட்டினேன். அத்தை நகர்ந்து வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் பயந்த 'ஐயோ பாவம்' யார் வாயிலிருந்தும் வரவில்லை. சித்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"குடு மா, நான் படிக்கறேன்," என்று மாயா புத்தகத்தை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். நாலாம் பக்கத்தைத் தொடங்கினாள். ஒரு வார்த்தை, பிறகு ஒரு நிறுத்தம். இன்னொரு வார்த்தை. புத்தகத்தைத் தூக்கி முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். பிறகு கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள்.

ஓரக் கண்ணால் அவளைப் பார்த்தேன். ஓரம் எனக்கு நன்றாகவே தெரியும். சாய்த்துப் பிடித்தால் எழுத்து குழியை விட்டு வெளியே வரும். அந்தச் சாய்ப்பைக் கண்டுபிடிக்க எனக்குப் பல மாதம் ஆனது. யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

6

நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். புத்தகத்தைச் சித்து என் கைப்பையில் வைத்து அனுப்பினான். "நைனா எடம் உன்னுதுதான், நீயே வச்சிக்க" என்றான்.

உரிமத்தை ஒப்படைத்தாயிற்று. டாக்டரிடம் அந்தக் கேள்விக்குப் பதிலை மாற்றிச் சொன்னேன். என் அப்பாவுக்கு இருந்தது என்றேன். அவர் உடனே கேட்டது, உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்பதுதான்.

இன்று மாயா காரை ஓட்டி, என்னையும் அழைத்துக்கொண்டு அதே கண் டாக்டரிடம் வந்தாள். அவள் ஓட்டுகிற ரோட்டின் வெள்ளைக் கோடு அவளுக்கு நேராகத் தெரிகிறதா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. பதிலுக்குப் பயந்து கேட்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்ல மா. எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அவ்ளோதான். அதுக்கா டாக்டரு?" என்று சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாள். சொட்டு மருந்து விட்டுப் படம் எடுக்க நேரமாகும். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, எழுத்தைப் பெரிதாக்கி, இதை உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நைனா புத்தகம் மடியில் இருக்கிறது. நடுவில் இரண்டு முறை திரை அணைந்தது. இரண்டு முறையும் மாயா உள்ளே போன அந்தக் கதவு தெரிகிறதா என்று பார்த்தேன்.

என் மகளுக்குத் தமிழ் வராமல் போய்விடுமோ என்று இத்தனை வருஷம் பயந்தவள் நான். இப்போது யாராவது அந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்து, உங்கள் மகளுக்குத் தமிழ்தான் வரவில்லை, வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட மாட்டார்களா என்று உட்கார்ந்திருக்கிறேன்.